தெரபிந்து கொட்டை என்றால் என்ன? (ஆதியாகமம் 43:11)

பாளை எஸ்தர்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து பத்து நாளாகிறது. கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பதால், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வேதாகமத்தை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

நேற்று ஆதியாகமம் 43. கானானில் பஞ்சம். தானியம் வாங்க மகன்களை மறுபடியும் எகிப்துக்கு அனுப்புகிற யாக்கோபு, அந்த அதிகாரிக்குக் கொடுக்கக் காணிக்கை கட்டித் தருகிறார். பிசின் தைலம், தேன், கந்தவர்க்கங்கள், வெள்ளைப்போளம், தெரபிந்து கொட்டை, வாதுமைக் கொட்டை. அந்த இடத்தில் அம்மா "நில்லு" என்றார்கள். "ஏட்டி, தெரபிந்துன்னா என்னது?"

அம்மாவுக்கு 72 வயது. இந்த அதிகாரத்தை எத்தனை தடவை வாசித்திருப்பார்கள் என்று கணக்கே இல்லை. கண்ணால் ஓட்டிக்கொண்டு போகும்போது தட்டாத சொல், காதில் விழுந்ததும் தட்டிவிட்டது. எனக்கும் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அம்மா காத்திருக்கிறார்கள்.

தூரிகை மணி:

எஸ்தர் அக்கா, எனக்கு வேதாகமம் தெரியாது. 22 வருஷமா பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். தெரபிந்து, தெரபிந்து என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தால் நாங்கள் பெயின்டில் கலக்கும் டர்பன்டைன் மாதிரியே வருகிறதே! ரெண்டும் ஒன்றா?

சொல்வேட்டை:

மணி, உங்கள் காது சரியாகப் பிடித்திருக்கிறது. இரண்டும் ஒரே சொல்தான்.

மத்தியதரைக் கடல் ஓரத்து மலைச்சரிவுகளில் வளரும் சிறு மரம் ஒன்றைக் கிரேக்கர்கள் தெரெபிந்தோஸ் என்றார்கள். அதற்கும் பழைய வடிவம் தெர்மிந்தோஸ். கொரிந்தோஸ் என்ற ஊர்ப்பெயர், லாபிரிந்தோஸ் என்ற சொல், இவற்றில் வரும் 'இந்தோஸ்' ஈறு கிரேக்கர்கள் அங்கே குடியேறுவதற்கு முன்பிருந்த மக்களின் மொழியில் இருந்து வந்தது என்பது மொழியறிஞர்கள் பலரும் ஏற்கும் கருத்து. வந்தவர்கள் அந்த மண்ணின் மரத்துக்கு அந்த மண்ணின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள்.

மரப்பட்டையைக் கீறினால் தேன் பதத்தில் வாசனையான பிசின் வடியும். அது 'தெரெபிந்தினே', அதாவது தெரபிந்தினுடையது. லத்தீனில் தெரெபிந்தினா, பழைய பிரெஞ்சில் தெரெபந்தின், ஆங்கிலத்தில் டர்பன்டைன். அங்கிருந்து மணியின் டப்பாவுக்கு. 1866-இல் ஜெர்மன் வேதியியலார் கெக்குலே ஒரு வகைச் சேர்மங்களுக்குப் பெயர் தேடியபோது இதையே சுருக்கி 'டர்பீன்' என்று வைத்தார். எலுமிச்சைத் தோல் வாசனை, கற்பூர வாசனை எல்லாம் வேதியியல் பாடத்தில் இன்று இந்த மரத்தின் பெயரில்தான் அடங்குகின்றன.

எஸ்தர், இது மா, முந்திரி, சேராங்கொட்டை, நம் ஊர் ஒதியமரம் இவற்றின் குடும்பம். இன்னும் நெருங்கிய உறவு பிஸ்தா. தெரபிந்தும் பிஸ்தாவும் ஒரே பேரினம். அம்மாவுக்குச் சுருக்கமாகச் சொல்ல வேண்டுமென்றால், "காட்டுப் பிஸ்தா" என்று சொல்லுங்கள். பெரிய தவறாகாது.

அந்த வசனத்தில் இன்னொரு அழகு உண்டு. மூல எபிரேயத்தில் அந்தக் கொட்டைக்குப் பெயர் 'பொத்னிம்'. லூத்தர் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் இதைப் பேரீச்சம்பழம் ஆக்கினார். ஆங்கிலத்தில் 1611-ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் பதிப்பு வெறுமே 'கொட்டைகள்' என்று விட்டுவிட்டது. கிரேக்கமும் லத்தீனும் தெரபிந்து என்றன. நம் பழைய தமிழ் திருப்புதல், ஜெர்மனையும் ஆங்கிலத்தையும் பார்த்து நகல் எடுக்காமல், கிரேக்க, லத்தீன் வழியில் நின்றிருக்கிறது. அந்த வரியைத் தமிழாக்கியவர் யாரோ, அவர் கவனத்துக்கு நான் தலைவணங்குகிறேன்.

பாளை எஸ்தர்:

ஐயா, மிக்க நன்றி. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப பிஸ்தாவையா கொண்டு போனாங்க? எகிப்துல அது கிடைக்காதாக்கும்" என்றார்கள். உடனே அடுத்த கேள்வி: வேதாகமத்தில் இந்த மரம் வேறெங்கும் வருகிறதா? எனக்குத் தெரிந்து 'தெரபிந்து' இந்த ஒரு இடத்தில்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

சொல்வேட்டை:

வருகிறது. நிறைய வருகிறது. ஆனால் தமிழில் வேஷம் மாறி வருகிறது.

எபிரேயத்தில் இந்த மரம் 'ஏலா'. தாவீதும் கோலியாத்தும் மோதிய இடம் ஏலா பள்ளத்தாக்கு, அதாவது தெரபிந்துப் பள்ளத்தாக்கு. தமிழில் ஊர்ப்பெயராகவே நின்றுவிட்டதால் மரம் தெரியவில்லை. யாக்கோபு அந்நிய தெய்வங்களையும் காதணிகளையும் சீகேமில் புதைத்தது ஏலா மரத்தடியில். தமிழில் அது கர்வாலி மரம், அதாவது ஆங்கிலத்தில் ஓக் என்கிற மரம். கோவேறு கழுதை மேல் வந்த தாவீதின் மகன் அப்சலோமின் தலை மாட்டிக்கொண்டதும் ஏலாவில், அங்கும் கர்வாலி. ஏசாயா 6:13-இல் ஏலா கர்வாலி ஆகிறது, கூடவே வரும் 'அல்லோன்' (இதுதான் உண்மையான கர்வாலி) அரசமரம் ஆகிறது. ஓசியா 4:13-க்கு வந்தால் தலைகீழ்: அல்லோன் கர்வாலி, ஏலா அரசமரம்!

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எபிரேயத்தில் ஆதியில் மெய்யெழுத்துகளை மட்டுமே எழுதினார்கள். உயிர்க்குறிகளை மசோரெட்டுகள் என்ற ஏடு காப்போர் பல நூற்றாண்டு கழித்துத்தான் சேர்த்தார்கள். ஏலா, ஏலோன், அல்லோன் எல்லாம் ஒரே இரண்டு மெய்களில் தொடங்கும் சொற்கள். நம் ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமல், எகர ஏகார வேறுபாடு இல்லாமல் வாசித்துப் பழகியவர்களுக்கு இந்தத் தவிப்பு புரியும்.

ஆதியாகமம் 18:1-ஐயும் எடுத்துப் பாருங்கள். ஆபிரகாமுக்குத் தரிசனம் கிடைத்த இடம் தமிழில் "மம்ரேயின் சமபூமி". எபிரேயத்தில் அங்கே இருப்பது மரங்கள், 'ஏலோனே மம்ரே'. அது கர்வாலியா தெரபிந்தா என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ், எப்ரோன் அருகே ஒரு மாபெரும் தெரபிந்து நிற்பதாகவும், உலகம் உண்டான நாள் முதல் அது இருப்பதாக ஊரார் சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய சோசொமென் அந்த இடத்தையே 'தெரெபிந்தோஸ்' என்று குறிக்கிறார். கோடையில் அங்கே பெரிய சந்தை கூடுமாம். யூதர், கிறிஸ்தவர், மற்ற தெய்வங்களை வணங்குவோர் எல்லோரும் வருவார்களாம். கிணற்றங்கரையில் விளக்கேற்றி, கிணற்றுக்குள் திராட்சரசமும் காசும் வாசனைத் திரவியமும் போடுவார்களாம். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அந்த வழிபாட்டை நிறுத்தி அங்கே தேவாலயம் கட்டச் சொன்னார்.

அத்தனை மனிதர்களும் சுற்றி நின்ற மரம், நமக்குச் சமபூமியாகிவிட்டது.

வைகறை:

சொல்வேட்டை ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. மரத்தின் பேரினம் முக்கியமா, அந்த மரத்தடியில் என்ன நடந்தது என்பது முக்கியமா? ஓசியா சொல்வது, நிழல் நல்லதென்று மரத்தடியில் தூபங்காட்டுகிறார்கள் என்று. தமிழ்நாட்டுக் கிராமத்தானுக்கு "தெரபிந்து மரத்தடியில்" என்றால் ஒன்றும் தெரியாது. "அரசமரத்தடியில்" என்றால் மேடை, நிழல், கல், மஞ்சள் கயிறு எல்லாம் கண்முன் வந்துவிடும். மொழிபெயர்ப்பின் வேலை அதுதானே?

பாளை எஸ்தர்:

வைகறை, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதில் எனக்கு ஒரு வலியும் இருக்கிறது.

எங்கள் ஊரில் கோயில் தெருவுக்கும் சர்ச் தெருவுக்கும் நடுவே குளத்தங்கரையில் ஒரு அரசமரம். சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு அதன் கீழே சொட்டாங்கல் விளையாடுவேன். ஒருநாள் ஆச்சி பார்த்துவிட்டார்கள். "வேதத்திலேயே போட்டிருக்கு, அந்த மரத்தடிக்குப் போகாத" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அப்புறம் நான் அங்கே போகவில்லை. அந்தப் பிள்ளைகள் என்னை விளையாடக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள். ஆச்சிக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அச்சடித்திருந்ததை நம்பினார்கள்.

அந்த வசனத்தில் எங்கள் குளத்தங்கரை மரமே கிடையாது, எங்கோ இருக்கிற ஒரு காட்டுப் பிஸ்தா என்று நாற்பது வருஷம் கழித்து நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன். இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

வைகறை:

இந்தப் பக்கத்தை நான் யோசிக்கவில்லை அக்கா. என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பெயர் தெரியாத மரமாகவே விட்டிருக்கலாம்.

பனைநிலா:

ஏலா என்பது நம் ஏலமாக இருக்குமோ? அல்லது ஆல் என்ற சொல்லோடு தொடர்பு இருக்குமோ? ஆலமரமும் புனித மரம்தானே?

சொல்வேட்டை:

இல்லை. ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவாகாது. ஏலா எபிரேயக் குடும்பத்துக்குள்ளேயே வேர் உள்ள சொல். 'ஏல்' (வலிமை, தெய்வம்) என்பதோடு அதைச் சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. பொத்னிம் என்பதற்கும் அங்கேயே சொந்தபந்தம் இருக்கிறது: அரபியில் புத்ம், அதற்கும் முந்தைய அக்கேடியத்தில் புத்னு. இன்றைய எபிரேயத்தில் கடைக்குப் போய் பொத்னிம் கேட்டால் வேர்க்கடலை தருவார்கள்.

தமிழுக்குச் சொந்தமான தொடர்பு வேண்டுமென்றால் அது மொழியில் இல்லை, மருந்துப் பெட்டியில் இருக்கிறது. 'மருந்துக்கடைப் பொண்ணு' இந்த இழையைப் பார்த்தால் சொல்லட்டும்.

கடலடி:

எஸ்தர் அக்காவின் அம்மா கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்தது. எகிப்தில் கிடைக்காதா? கிடைக்காது என்பதுதான் விஷயமே. இந்த மரம் நைல் கரையில் வளர்வதில்லை. அதன் பிசின் எகிப்துக்குக் கடல் வழியாகவும் தரை வழியாகவும் கானான் பக்கமிருந்து போய்க்கொண்டே இருந்தது.

1982-இல் துருக்கியின் தெற்குக் கரையில், காஷ் என்ற ஊருக்கு அருகே உலுபுருன் முனையில், கடற்பஞ்சு எடுக்க முங்கிய ஒருவர் கடலடியில் "காது வைத்த உலோக பிஸ்கட்டுகளை"ப் பார்த்ததாகச் சொன்னார். அவை தாமிரக் கட்டிகள். கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மூழ்கிய சரக்குக் கப்பல் அது. ஜார்ஜ் பாஸும் பிறகு ஜெமால் புலாக்கும் 1984 முதல் 1994 வரை அகழாய்வு செய்தார்கள். ஆழம் 44 மீட்டருக்கும் கீழே; இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட முங்கல்கள். சுமார் 10 டன் தாமிரம், ஒரு டன் தகரம், நீலக் கண்ணாடிக் கட்டிகள், யானைத் தந்தம், கருங்காலி.

அதோடு சுமார் 150 கானானிய ஜாடிகள். ஒன்றில் கண்ணாடி மணிகள், சிலவற்றில் ஒலிவக்காய். பெரும்பாலானவற்றில் மஞ்சள் நிறப் பிசின். சோதித்துப் பார்த்ததில் பிஸ்தா பேரினத்துப் பிசின். மொத்தம் அரை டன்னில் இருந்து ஒரு டன் வரை மதிப்பிடுகிறார்கள். 3,300 வருஷம் உப்புத்தண்ணீரில் கிடந்தும் அது இன்னதென்று அடையாளம் காண முடிந்தது.

எனக்கு இதில் மறக்க முடியாதது நத்தைகள். பிசின் வடியும்போது ஒட்டிக்கொண்ட சின்னஞ்சிறு தரை நத்தைகளின் ஓடுகள் அதற்குள்ளேயே இருந்தன. எந்த நத்தை எந்த நிலத்தில் வாழும் என்று பார்த்து, இந்தப் பிசின் சாக்கடல் சுற்றுப்புறத்தில் இருந்து வந்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். மரத்தடியில் பிசின் சேகரித்தவர் கவனிக்காமல் விட்ட நத்தை, சரக்கின் ஊரைச் சொல்லிக் கொடுத்தது!

அதே நூற்றாண்டு எகிப்தில், அக்நாதன் என்ற பார்வோன் கட்டிய அமர்னா நகரில் கிடைத்த ஜாடிகளிலும் இதே பிசினைக் கண்டுபிடித்தார்கள். 'ஸெனெச்சர்' என்று எகிப்தியர்கள் எழுதிவைத்த தூபப்பொருள் இதுவாகத்தான் இருக்கும் என்பது அந்த ஆய்வாளர்கள் வந்த முடிவு. 'தெய்வத்தன்மை ஆக்குவது' என்பதை ஒட்டிய பொருள்.

இன்னும் பின்னால் போனால் ஈரானின் ஹாஜி பிரூஸ் தெப்பே. கி.மு. 5400-5000 அளவில் ஒரு வீட்டுச் சமையலறைத் தரையில் பதித்திருந்த, தலைக்கு 9 லிட்டர் பிடிக்கும் ஆறு ஜாடிகள். 1996-இல் பாட்ரிக் மெக்கவர்னும் குழுவும் அந்த ஜாடிக் கசடில் திராட்சரசத்தின் தடயத்தையும் தெரபிந்துப் பிசினின் தடயத்தையும் சேர்த்தே கண்டார்கள். ரசம் புளித்துக் காடியாகாமல் இருக்கப் போட்டிருக்கிறார்கள்.

ஆக, அந்த வசனத்தில் முதலாவதாக வரும் 'பிசின் தைலம்' (எபிரேயத்தில் 'ஸொரி') இதே மரத்துப் பிசின் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அப்படியானால் யாக்கோபின் மூட்டையில் பிசினும் இருந்தது, கொட்டையும் இருந்தது.

மருந்துக்கடைப் பொண்ணு:

கூப்பிட்டீங்களா ஐயா? கும்பகோணத்தில் கல்லாவில் உட்கார்ந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

எங்கள் கடையில் இந்த வம்சத்துச் சரக்கு ரெண்டு இருக்கிறது. ஒன்று ரூமி மஸ்தகி. கிரேக்கத்துக் கியோஸ் தீவில் தெரபிந்தின் தங்கை மரத்தில் இருந்து எடுக்கும் பிசின். கண்ணீர்த்துளி மாதிரி இருக்கும். விலை அதிகம், சின்ன டப்பாவில் வைத்துத்தான் விற்போம். துருக்கிக்காரர்கள் அந்தத் தீவையே 'சக்கிஸ் தீவு' என்பார்கள். சக்கிஸ் என்றால் மெல்லும் பிசின்.

இன்னொன்று கற்கடகசிங்கி. இருமல், இரைப்புக்கான சூரணங்களில் சேரும். பார்த்தால் காய்ந்த காய் மாதிரி வளைந்து, உள்ளே பொக்கையாக இருக்கும். ஆனால் காய் இல்லை. இமயமலைப் பக்கம் வளரும் பிஸ்தா இனத்து மரத்தின் இலையில் அசுவினிப் பூச்சி உட்கார்ந்து சாறு உறிஞ்ச, மரம் வீங்கி உண்டாக்குகிற கூடு. சிங்கி என்றால் கொம்பு. நண்டுக் கொம்பு. மேலே சொன்ன தெரபிந்து மரத்திலும் அசுவினியால் இப்படிக் கூடு வருமாம், ஸ்பெயின்காரர்கள் அதைப் பார்த்து மரத்துக்கே 'ஆட்டுக்கொம்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று படித்தேன்.

ஒரு எச்சரிக்கை: தென்னாட்டில் பல இடங்களில் கடுக்காய்ப்பூவைத்தான் கற்கடகசிங்கி என்று தருகிறார்கள். அது கடுக்காய் மரத்துக் கூடு, வேறு சரக்கு. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

மணி அண்ணாவுக்கு ஒன்று. அப்பா டர்பன்டைனைக் 'கற்பூரத் தைலம்' என்றுதான் சொல்வார். மூட்டுவலிக்குப் பூச வாங்கிப் போவார்கள். இன்று கோயிலில் ஏற்றுகிற சூடத்தில் பெரும்பங்கு டர்பன்டைனில் இருந்து பிரிக்கும் பைனீனை வைத்துத் தயாரிப்பதுதான். அப்பாவுக்கு அது தெரியாது, ஆனால் பெயர் பொருந்திவிட்டது.

தூரிகை மணி:

தங்கச்சி, நல்ல டர்பன்டைன் இப்போது எங்கே கிடைக்கிறது? நான் தொழில் கற்றுக்கொண்டபோது மேஸ்திரி வைத்திருந்தது பைன் மரத்து எண்ணெய். மூடியைத் திறந்தாலே மலைக்காட்டு வாசம் அடிக்கும். கையில் பட்டால் கொஞ்சம் பிசுபிசுக்கும். இப்போது கடையில் டர்பன்டைன் என்று கேட்டால் பெட்ரோலிய எண்ணெய்தான் வருகிறது, மினரல் டர்பன்டைன் என்று போட்டு. மண்ணெண்ணெய்க்கு அக்கா தங்கச்சி மாதிரி வாடை. வேலைக்கு ஆகும், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வாசனை போய்விட்டது.

அப்படியென்றால் ஐயா, முதலில் தெரபிந்து மரம், அப்புறம் பைன் மரம், இப்போது மரமே கிடையாது. பெயர் மட்டும் அதேதானா?

சொல்வேட்டை:

அதேதான் மணி. நடுவில் இன்னும் இரண்டு படி உண்டு. தெரபிந்தில் பிசின் குறைவாகத்தான் வரும், கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்கத் தாவரவியலார் தியோபிராஸ்டஸ், இதுதான் பிசின்களில் சிறந்தது, ஆனால் அதிகம் கிடைக்காது என்று எழுதிவிட்டார். தட்டுப்பாடு வந்தால் பதிலி வரும். 'வெனிஸ் டர்பன்டைன்' லார்ச் மரத்தினுடையது, 'ஸ்ட்ராஸ்பர்க் டர்பன்டைன்' வெள்ளி பர் மரத்தினுடையது. பைன் அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் விழுங்கியது.

காஸியான்டெப் கண்ணன்:

தாமதமாக வருகிறேன். சொந்த ஊர் விருதுநகர். நூற்பாலை இயந்திர வேலையாகத் துருக்கியின் காஸியான்டெப்பில் நாலு வருஷமாக இருக்கிறேன். நீங்கள் பேசுகிற மரம் ஊருக்கு வெளியே கல்லுக்குன்றுகளில் நிற்கிறது. உயரம் நம் கொய்யா மரம் அளவுதான். இலையைக் கசக்கினால் மாங்கொழுந்தும் மருந்தும் கலந்த மாதிரி ஒரு வாசனை.

கொத்துக் கொத்தாக மிளகை விடக் கொஞ்சம் பெரிய காய். கொத்தில் சில சிவப்பாகவும் சில நீலப்பச்சையாகவும் இருக்கும். சிவப்பைப் பறித்துக் கடித்தேன், உள்ளே ஒன்றுமில்லை. கூட வேலை செய்யும் குர்து நண்பர் சிரித்துக்கொண்டே, நீலமானதில்தான் பருப்பு இருக்கும் என்று காட்டினார். அதை வறுத்து அரைத்தால் எண்ணெய் விட்டு எள்ளுருண்டை மாவு மாதிரி ஆகிவிடும். பாலில் போட்டுக் காய்ச்சி, காப்பிக் கோப்பையில் தருவார்கள். பெயர் மெனெங்கிச் காப்பி. காப்பிக்கொட்டையே கிடையாது. முதல் வாய் முந்திரிப் பாயசம் மாதிரி, கடைசியில் பிசின் வாசம் தொண்டையில் நிற்கும். இதே கொட்டை எண்ணெயில் சோப்பும் செய்கிறார்கள், 'பித்தம்' சோப்பு. சொல்வேட்டை ஐயா சொன்ன புத்ம், பொத்னிம் எல்லாம் இங்கே சோப்பு உறையில் இருக்கிறது.

இன்னொன்று. இந்த ஊர் பிஸ்தாவுக்குப் பேர்போனது. தோட்டக்காரர்கள் மெனெங்கிச் மரத்தை அடியோடு வெட்டுவதில்லை. அடிமரத்தை விட்டுவைத்து அதில் பிஸ்தாவை ஒட்டுக்கட்டுகிறார்கள். வெட்டின இடத்துக்குக் கீழே எத்தனை தடவை அறுத்தாலும் தளிர் விட்டுக்கொண்டே இருக்கும், தண்ணீரும் கேட்காது. ஐயா மேலே ஏசாயா 6:13 என்று எழுதியிருந்ததைத் தேடி வாசித்தேன். "அடிமரம் இருப்பதுபோல" என்று வருகிறது. நான் இந்து, வேதாகமம் வாசித்துப் பழக்கமில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்ததும் போன மாசி மாதம் ஒட்டுக்கட்டிய தோட்டம் அப்படியே ஞாபகம் வந்தது.

எஸ்தர் அக்கா, டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். அம்மாவுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவருகிறேன்.

பாளை எஸ்தர்:

தம்பி, கட்டாயம் வாங்க. அம்மா இப்போதே நாளை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

கும்பகோணத்துத் தங்கை கூரியரில் ரூமி மஸ்தகி கொஞ்சம் அனுப்பியிருந்தாள், இன்று காலையில் வந்தது. அம்மா ஒரு துளியை வாயில் போட்டார்கள். முதலில் கற்கண்டு மாதிரி நொறுங்கிப் பொடியாகி, லேசாகக் கசந்ததாம். துப்பலாமா என்று நினைக்கும்போது ஒன்றுசேர்ந்து வெள்ளையாகப் பபிள்கம் மாதிரி ஆகிவிட்டது. அரை மணி நேரம் மென்றார்கள். "சவுக்குத் தோப்புல மழை பெஞ்ச மாதிரி இருக்கு" என்றார்கள்.

நீங்கள் எழுதினது எல்லாவற்றையும் வரிவரியாக வாசித்துக் காட்டினேன். அரசமரம் பகுதி வந்தபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆச்சி அவர்களுடைய அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "பென்சில் எடுத்துட்டு வா" என்றார்கள். ஓசியாவில் அரசமரம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், ஓரத்தில் 'தெரபிந்து' என்று எழுதச் சொன்னார்கள். ஏசாயாவில் எழுதினேன். சீகேமில், அப்சலோமுக்குப் பக்கத்தில், ஏலா பள்ளத்தாக்கில் எழுதினேன். மம்ரேயில் மட்டும் ஓரம் முழுக்க அப்பாவின் பழைய குறிப்பு. அம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா எழுத்துக்கு மேல, சின்னதா, மரம்னு மட்டும் எழுது" என்றார்கள்.

சொட்டு மருந்து விடுகிற நேரம் ஆகிவிட்டது. இன்று ராத்திரி ஆதியாகமம் 44.